கழுவிக் கவிழ்த்த கோப்பைகள்

“அப்பா, கோப்பையளைக் கழுவி வைச்சது ஆர்?”

ஆரணி இப்படிக் கேட்டபோது குகதாசன் ரோம்ஃபோர்ட் ரோட்டில் சிவப்பு விளக்குக்காகக் காரை நிறுத்தியிருந்தார். தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. பின் இருக்கையில் ஒன்பது வயது மகள், மடியில் தமிழ்ப் பாடப்புத்தகம். அவளுக்குப் பக்கத்தில் அவருடைய தங்கை சிவகௌரி, மடியில் ரோல்ஸ் விற்று முடித்துக் கழுவித் துடைத்த வெறும் தட்டம். எந்தக் கோப்பை என்று அவர் கேட்டார். கம்ப்யூட்டர் கேமில் வரும் சாப்பாட்டுக் கோப்பை என்றாள் பிள்ளை. ஒரு வீடு வெளியாலே பூட்டியிருக்கிறதாம். யன்னலுக்குக் கீழே நாலு கோப்பைகள் கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறதாம். அதை வைத்தது ஆர் என்று பாலேந்திரா மாமாவும் மற்ற ஆட்களும் மூன்று மாதமாகச் சண்டை பிடிக்கிறார்களாம். கழுவினது ஆர் என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லையாம்.

“அது விளையாட்டு, பிள்ளை. செய்தவங்கள் சும்மா வைச்சிருப்பாங்கள்,” என்றார் குகதாசன். பச்சை விழுந்தது. காரை எடுத்தார்.

சிவகௌரி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். அதில் அவருக்குப் புதிதாக ஒன்றும் தெரியவில்லை. இரண்டு வருடமாக அந்தக் காரில் அவள் ஒன்றும் சொல்வதில்லை.

தமிழ்ப் பள்ளிக்கூடம் ஃபாரஸ்ட் கேட்டில் ஓர் ஆரம்பப் பாடசாலையை வாடகைக்கு எடுத்து நடந்தது. பிள்ளைகள் மேல்மாடியில் ஆத்திசூடி படிக்கும் நேரத்தில் பெற்றோர் கீழே சாப்பாட்டு மண்டபத்தில், ஆறு வயதுப் பிள்ளைகளுக்கென்று செய்த குட்டிக் கதிரைகளில் முழங்கால்களை நெஞ்சுக்கு முட்டக் கொடுத்தபடி காத்திருப்பார்கள். சிவகௌரி தேத்தண்ணியும் ரோல்ஸும் விற்பாள். வருகிற காசு பள்ளிக்கூடத்துக்கு. மண்டபத்தின் மூலையில் இரண்டு பழைய கம்ப்யூட்டர்கள் இருந்தன. கம்ப்யூட்டர் திருத்தும் கடையொன்றில் வேலை செய்த பாலேந்திரா அவற்றை எங்கிருந்தோ கொண்டுவந்து உயிர் கொடுத்து, பெரிய வகுப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் என்று தொடங்கினான். பாடம் அரை மணித்தியாலம். மிச்ச நேரமெல்லாம் ‘கிரே மைல்ஸ்’.

அந்தக் கேமில் மூன்று பாகங்கள் வந்திருந்தன. ஒரு பெரிய யுத்தத்துக்குப் பிறகு உலகம் முடிந்துபோகிறது. யுத்தம் ஏன் வந்தது, ஆர் வென்றது என்று எந்தப் பாகத்திலும் சொல்லவில்லை. சாம்பல் படிந்த ஒரு கடற்கரை ரோட்டால் ஒருவன் நடந்து போகிறான். வழியில் ஆளில்லாத ஊர்கள். அவ்வளவுதான். ஆனால் அந்த அவ்வளவுக்காக பாலேந்திரா எட்டுப் பக்கத்தில் ஒரு ஃபோட்டோ கொப்பிப் பத்திரிகை நடத்தினான். கிளாஸ்கோவில் இருந்தும் லீட்ஸில் இருந்தும் முன்பின் தெரியாத வெள்ளைக்காரப் பெடியள் கடிதம் எழுதுவார்கள். முதல் பாகம் உயிர், இரண்டாம் பாகம் பெரிசு ஆனால் உள்ளே ஒன்றுமில்லை, மூன்றாம் பாகம் காசுக்காகச் செய்தது என்பது பாலேந்திராவின் கட்சி. பன்னிரண்டு வருசமாகத் தண்ணியில்லாத ஊரில் எல்லாருக்கும் பல்லு மட்டும் எப்பிடி வெள்ளையா இருக்குது என்று அவன் ஒரு முழுப் பக்கம் எழுதினான். அதற்கு பேர்மிங்ஹாமில் இருந்த ஒரு பல்வைத்தியர் மூன்று பக்கம் பதில் போட்டார்.

அந்த மூலைக்கு வேறு இரண்டு பேரும் தவறாமல் வருவார்கள். ஒருவர் வாசுதேவன், மதுரைக்காரர், வங்கி ஒன்றுக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவர், மகளை வகுப்பில் விட்டுவிட்டு நேரே இங்கே வந்துவிடுவார். மற்றது டொலறஸ், இருபத்திரண்டு வயது, நர்ஸ் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தாள், தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவாள். சாப்பாடு போடும் தட்டைக் கோப்பை என்று இவர்கள் சொல்வதைக் கேட்டு வாசுதேவனுக்கு முதலில் சிரிப்பு. கோப்பைன்னா டீ குடிக்கிறதுங்க, இது தட்டு என்று சொல்லிப் பார்த்தார். மூன்று மாதத்தில் அவர் வாயிலும் கோப்பை என்றே வந்துவிட்டது.

மூன்றாம் பாகத்தில் இரண்டாவது ஊரின் கடைசி வீட்டைப் பற்றியதுதான் வழக்கு. கதவில் வெளிப்பக்கம் பூட்டு. யன்னலால் எட்டிப் பார்த்தால் ஒரு கட்டில் மட்டும் தெரியும். கீழே நாலு கோப்பைகள். ஒரு வரி எழுத்தும் இல்லை. அது படம் கீறினவர்களின் பிழை, வேறு வீட்டுக் குசினியில் இருந்த பொருளை இடம் மாறி ஒட்டியிருக்கிறார்கள் என்பது வாசுதேவனின் வாதம். நாலு கோப்பையை வச்சுட்டு மிச்சத்தை நீங்களே யோசிச்சுக்கங்கன்னா அது கதையில்லை, சோம்பேறித்தனம் என்பார். பாலேந்திராவுக்கு அது பிழையில்லை, ஆனால் நல்ல செய்தியும் இல்லை. உள்ளே கிடந்தவன் கைதி. இந்த உலகத்தில் ஒரு பிடி சோறு குண்டு போட்ட துவக்கை விடப் பெரிசு, போன இரண்டு பாகத்திலும் ஒருவன் மற்றவனுக்குச் சும்மா ஒரு பிஸ்கட் கொடுத்ததில்லை, அப்பிடியிருக்க ஆர் ஆருக்கு நாலு நாள் சோறு கொண்டுவந்து கொடுப்பினம்? அது அந்த உலகத்தின்ரை விதிக்கே ஒத்துவராது. டொலறஸ் மட்டும் அந்த ஊரில் ஆரோ ஒரு நல்ல சீவன் இருந்திருக்கிறது என்று நின்றாள். அவளிடம் அதற்கு அத்தாட்சி இல்லை. நீ கோயிலுக்குப் போற பிள்ளை, உனக்கு எல்லாம் நல்லதாத்தான் தெரியும் என்று பாலேந்திரா பகிடி பண்ணுவான்.

குகதாசன் இந்த விவாதங்களைக் காதில் போட்டதே இல்லை. எண்பத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டுகிறவர் அவர். ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்து ரோம்ஃபோர்டுக்கும் திரும்பவும். சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து நேரே வந்து, வாசலில் ஹோர்ன் அடித்து, பிள்ளையையும் தங்கையையும் ஏற்றிக்கொண்டு போவார். நல்ல மனிதர்தான். வெள்ளிக்கிழமைகளில் மச்சம் மாமிசம் தொடுவதில்லை, நெற்றியில் விபூதி இல்லாமல் வேலைக்குப் போவதில்லை, பஸ்ஸுக்கு ஓடிவருகிற கிழவிகளுக்காகக் கதவைத் திறந்துகொண்டு நிற்பார். ஆனால் ஒரு வசனம் அவருடைய வாயால் வந்திருந்தது. அது இரண்டு வருடமாக அந்த வீட்டில் ஐந்தாவது ஆள் போல இருந்தது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு ஐப்பசியில், ஆமி வருகிறது என்று ஊர்ச்சனம் முழுக்க ஒரே நாளில் வெளிக்கிட்டபோது, சிவகௌரி தாயைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு, பாரிசவாதத்தில் கிடந்த தகப்பனை வீட்டுக்குள் விட்டு, வெளியாலே பூட்டிக்கொண்டு போனாள். ஆறு மாதத்துக்குப் பிறகு திரும்பிப் போனபோது தகப்பன் உயிரோடு இல்லை. தாயும் அதற்குள் கொடிகாமத்தில் காய்ச்சலில் போய்விட்டாள். லண்டனில் இருந்த குகதாசனுக்கு இதெல்லாம் முதலில் செஞ்சிலுவைச் சங்கத்துத் துண்டுக் கடிதத்தில் இரண்டு வரியாக வந்தது. பிறகு அவள் கொழும்புக்கு வந்து டெலிபோன் எடுத்தாள். அண்ணை என்று அவள் தொடங்கியபோது அவர் சொன்னார்: “நாயைக் கூட ஆரும் அப்பிடிப் பூட்டிப்போட்டுப் போகமாட்டினம்.” சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தார்.

அதற்குப் பிறகும் அவர்தான் அவளை லண்டனுக்கு எடுப்பித்தார். ஃபாரஸ்ட் கேட் வீட்டின் சின்ன அறையைக் கொடுத்தார். கடமை என்று செய்தார். அவளும் ஒரு சொல் திருப்பிச் சொல்லவில்லை. மனைவி தவமலர் பள்ளிக்கூடக் குசினி வேலைக்குப் போய்விடுவாள் என்பதால், குகதாசன் எந்த ஷிப்ட் முடிந்து வந்தாலும் மேசையில் அவருக்கு ஒரு கோப்பை சோறு இருக்கும். நீலக் கரை வைத்த கோப்பை, அதே மாதிரி இன்னொரு கோப்பையால் மூடி. சிவகௌரி வைத்தது. சாப்பிட்டுவிட்டுத் தொட்டிக்குள் போட்டுவிட்டுப் போவார். அடுத்த நாள் அது கழுவித் துடைத்து அதே இடத்தில் சோற்றோடு இருக்கும். அதைக் கழுவினது ஆர் என்று அவரும் ஒருநாளும் யோசித்ததில்லை.

இப்போது அவள் வீட்டை விட்டுப் போகப் போகிறாள். இல்ஃபோர்டில் ஒரு தையல் இடத்தில் வேலை, அதற்குப் பக்கத்திலேயே வாடகைக்கு ஓர் அறை. வருகிற ஞாயிற்றுக்கிழமை போவதாகத் தவமலரிடம்தான் சொன்னாள், அவரிடம் சொல்லவில்லை. குகதாசனுக்கு அது ஒரு வகையில் ஆறுதலாக இருந்தது. இன்னொரு வகையில், போகமுன் அந்த வசனத்தைத் திரும்ப எடுத்துவிட வேண்டும் என்று உள்ளே ஏதோ அரித்தது. ஆனால் திரும்ப எடுப்பதென்றால் தான் சொன்னது பிழை என்று மனம் ஒப்பவேண்டும். ஒப்பவில்லை. அவருக்குத் தெரிந்த ஒரு காரியத்தைச் செய்தார். கடைக்குப் போய் அவளுடைய புது அறைக்கென்று நல்ல பித்தளைப் பூட்டு ஒன்று வாங்கி, காரில் முன் பெட்டிக்குள் வைத்தார்.

அடுத்த சனிக்கிழமை அவருடைய பஸ் மேனர் பார்க்கில் பழுதாகி நின்றுவிட்டது. அதனால் ஒரு மணித்தியாலம் முந்தியே பள்ளிக்கூடத்துக்கு வந்துவிட்டார். மழை. ஹோர்ன் அடித்துக் காத்திருக்காமல் உள்ளே போனார். சாப்பாட்டு மண்டபத்தின் கதவில் வட்டமாக ஒரு கண்ணாடி இருந்தது. கதவு முழுக்கச் சாத்தவில்லை. மூலையில் கம்ப்யூட்டரைச் சுற்றி நாலைந்து தலைகள். இடைவேளைக்குக் கீழே இறங்கி வந்த ஆரணி கதிரையில் முழங்கால் போட்டு நின்று போன கிழமைக் கேள்வியைத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கழுவினது ஆர்? பாலேந்திரா, கைதியை வைச்சிருந்தவன் கழுவியிருப்பான், அவன் துப்புரவான கள்ளன் என்று சொல்ல எல்லாரும் சிரித்தார்கள்.

சிவகௌரி பக்கத்து மேசையை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். துடைத்தபடியே சொன்னாள்:

“சாப்பாடு கொண்டந்த ஆள்தான் பிள்ளை கழுவினது. உள்ளை கிடக்கிறவருக்கு எழும்ப ஏலாது. கிணறு வெளியாலைதானே. அவர் சாப்பிட்டுட்டு யன்னலாலை நீட்டியிருப்பார். அந்த ஆள் கழுவிக் கவிழ்த்து வைச்சிட்டுப் போயிருக்கும். அடுத்த நாள் வந்து எடுக்கச் சுகமெண்டு.”

பாலேந்திரா திரும்பிப் பார்த்தான். இத்தனை நாள் தேத்தண்ணி தந்த அக்கா வாய் திறந்தது அவனுக்கு அதிசயமாக இருந்திருக்க வேண்டும்.

“அக்கா, நீங்களும் கேம் விளையாடுறனீங்களோ?”

“இல்லைத் தம்பி.”

வாசுதேவனுக்கு அந்த விளக்கம் பிடித்திருந்தது. ஆனாலும் அவர் விடவில்லை. “நல்லா இருக்குங்க. ஆனா சாவி எங்க? ஃபைல் ஒண்ணொண்ணா திறந்து தேடிட்டேன். மூணு பாகத்துலயும் அந்தப் பூட்டுக்குச் சாவியே கிடையாது. அதனாலதான் பிழைங்கிறேன்.”

“திறப்பு பூட்டினவளிட்டை இருக்கும்,” என்றாள் சிவகௌரி.

பூட்டினவள் என்ற அந்தச் சொல்லை மற்றவர்கள் கவனிக்கவில்லை. டொலறஸ் கவனித்தாள். எழும்பி வந்து மேசையின் மறுபக்கம் நின்றாள். “அக்கா,” என்று மெதுவாகக் கேட்டாள், “பூட்டினது ஆர்?”

“நான்தான்.”

கதவுக்கு இந்தப் பக்கம் குகதாசனின் கை கதவுப் பிடியில் இருந்தது. அவர் அதைத் தள்ளவுமில்லை, விடவுமில்லை.

அவள் துடைத்துக்கொண்டேதான் சொன்னாள். பெரிய குரல் இல்லை. அவள் பிள்ளைக்குச் சொல்வது போலச் சொன்னாள், மற்றவர்கள் கேட்டார்கள். சைக்கிளில் கரியர் ஒன்றுதான். அம்மாவைக் கொண்டுபோய் விட்டுட்டு வந்து என்னை ஏத்து என்று தாத்தாதான் சொன்னவர். திறந்து கிடந்தால் வீட்டுக்குள் ஆராவது பூந்துவிடுவினம், வெளியாலே பூட்டு, பூட்டின வீட்டை ஆரும் தட்டாயினம் என்றும் அவர்தான் சொன்னவர். இரண்டு நாளில் திரும்பலாம் என்றுதான் எல்லாரும் நினைத்தது. கட்டிலை யன்னலோடு இழுத்துப் போட்டு, குடத்தில் தண்ணியும், அவித்த மா உருண்டையும், அவர் எட்டக்கூடிய இடத்தில் சாப்பாட்டுக் கோப்பைகளும் வைத்துவிட்டு வந்தாள். மூன்றாம் நாள் திரும்பிப் போகப் பார்த்தாள். ஊருக்குப் போகிற பாலத்துக்கு அங்காலே ஆரையும் விடவில்லை. ஐந்தாம் நாளும் போனாள். எட்டாம் நாள் கடலேரிக்குள் இறங்கி நடக்கப் பார்த்து, கழுத்துமட்டுத் தண்ணியில் ஆரோ தலைமயிரில் பிடித்து இழுத்துக் கரையில் போட்டார்கள்.

குகதாசனுக்கு இது தெரியாது. அவர் கேட்டதில்லை.

சித்திரையில் திரும்பிப் போனபோது யன்னலுக்குக் கீழே அவர்களுடைய வீட்டுக் கோப்பைகள்தான், ஐந்து, கழுவிக் கவிழ்த்து ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தன. மாரி மழைச் சேறு விளிம்பு மட்டும் அடித்திருந்தது. கவிழ்த்திருந்ததால் உட்பக்கம் துப்புரவாக இருந்தது.

“தாத்தாவை ஒரு வேட்டியாலை மூடியிருந்தது. யன்னலாலை எறிஞ்சு, தடியாலை இழுத்து விரிச்சிருக்கினம். அது எங்கட வேட்டி இல்லை.”

ஊரில் தங்கிவிட்ட கிழடுகட்டைகள் ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டாளாம். எல்லாரும் தாங்கள் இல்லை என்றார்கள். பொய்யாகவாவது நான்தான் என்று சொல்லி அந்த நன்றியை வாங்கிக்கொள்ள ஓர் ஆளும் வரவில்லை. செய்த ஆள் அதற்குள் செத்துப்போயிருக்கலாம். அல்லது உயிரோடு இருந்து, இதெல்லாம் ஒரு விசயமோ என்று சொல்லாமல் விட்டிருக்கலாம். “கும்பிட ஒரு ஆள் இல்லாமப் போச்சு பிள்ளை,” என்றாள் சிவகௌரி. “அதுதான் எனக்குக் கவலை.”

மண்டபத்தின் மறுபக்கத்தில் ஆரோ ஒரு குழந்தை கதிரையை இழுத்து விளையாடுகிற சத்தம். கம்ப்யூட்டரில் நடந்து வந்தவன் பூட்டின வீட்டுக்கு முன்னால் அசையாமல் நின்றான். அவனுடைய கோட் மட்டும் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. மூன்று மாதம் வாதாடிய பழக்கத்தில் பாலேந்திராவின் வாயில் அடுத்த கேள்வி வந்துவிட்டது. கேட்டு முடிக்கும்போதே அவனுக்கு முகம் கறுத்தது.

“அப்ப அந்த ஆள் ஏனக்கா பூட்டை உடைக்கேல்லை?”

“உடைக்கப் பாத்திருக்கினம் தம்பி. பூட்டு முழுக்கக் கல்லாலை குத்தின காயம். எத்தினை நாள் நிண்டு குத்தினவையோ தெரியாது.” அவள் துணியை மடித்து மற்றப் பக்கத்தால் துடைத்தாள். “நல்ல பூட்டு. உடையேல்லை.”

அது எந்தக் கடைப் பூட்டு என்று அவள் சொல்லவில்லை. சொல்லக் காத்திருந்தவள் போலவும் இல்லை. துடைத்த இடத்தையே திரும்பத் துடைத்தாள். டொலறஸ் அவளுடைய கையில் இருந்து துணியை வாங்கி, மிச்ச மேசைகளைத் தான் துடைக்கத் தொடங்கினாள்.

கதவுக்குப் பின்னால் நின்றவருக்கு அந்தப் பூட்டின் பாரம் கையில் தெரிந்தது. தொண்ணூறாம் ஆண்டு, அப்டன் பார்க்கில் ஒரு கடை. ஊரில் களவு கூடிவிட்டது என்று தகப்பன் எழுதியிருந்தார். கடையில் இருந்ததிலேயே மொத்தமான பித்தளைப் பூட்டாகத் தெரிந்து, ஊருக்குப் போன ஒருவரிடம் கொடுத்து அனுப்பினார். கூட ஒரு கடிதம்: இதை ஒரு கள்ளனாலும் உடைக்க முடியாது. லண்டன் பூட்டை ஊரே வந்து பார்த்துவிட்டுப் போகிறது என்று தகப்பனின் பதில் வந்தது. அந்தக் கடிதத்தைப் பல நாள் யூனிஃபோர்ம் பொக்கற்றில் வைத்துக்கொண்டு பஸ் ஓட்டினார்.

இரண்டு வருடம் ஒரே வீட்டில். நாயைக் கூட என்று அவர் சொன்ன வசனத்துக்கு அவளிடம் ஒரு பதில் இருந்தது. மூன்றே மூன்று சொல். உன்ரை பூட்டு அண்ணை. அதைச் சொல்லியிருந்தால் அவர் அன்றைக்கே விழுந்திருப்பார். அவள் அதைச் சொல்லாமல் ஒவ்வொரு நாளும் ஒரு கோப்பை சோற்றை இன்னொரு கோப்பையால் மூடி வைத்துவிட்டுப் போயிருக்கிறாள்.

குகதாசன் கதவுப் பிடியை விட்டார். திரும்பிப் போய் மழையில் காருக்குள் இருந்தார். பள்ளிக்கூடம் விடுகிற நேரம் வந்ததும், வழக்கம் போல ஹோர்ன் அடித்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளுடைய சாமான் இரண்டு சூட்கேசும் ஒரு சாமிப்படமும்தான். இல்ஃபோர்டில் அந்த வீட்டின் கீழ்த்தட்டில், பின்பக்க அறை. பக்கவாட்டில் ஓர் ஒடுங்கிய பாதை, அதைப் பார்த்தபடி குட்டிக் குசினியின் யன்னல். மேலே இழுத்துத் திறக்கிற பழைய மர யன்னல், ஊறிப்போய் இறுகி, அடியில் ஒரு சாண் இடைவெளியோடு நின்றது. குகதாசன் இரண்டு கையாலும் அமத்திப் பார்த்தார். வழி முழுக்க ஒரு வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்திருந்தார். வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது.

“இந்த யன்னல் பூட்டுப்படாது போலை. ஆளைக் கூட்டியந்து திருத்தித் தரட்டோ?”

“வேண்டாம் அண்ணை,” என்றாள் சிவகௌரி. “திறந்தே கிடக்கட்டும்.”

அவள் அவரைக் குற்றம் சொல்லும் குரலில் சொல்லவில்லை. சும்மாதான் சொன்னாள். அதுதான் அவரால் தாங்க முடியாமல் இருந்தது. சாமிப்படத்தைச் சுவரில் மாட்ட ஓர் ஆணி அடித்துக் கொடுத்தார். காருக்கு வந்து முன் பெட்டியைத் திறந்தார். பூட்டு கடதாசிப் பையோடு கிடந்தது. மூடிவிட்டார்.

அதற்குப் பிறகு ஒரு மாதம் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருந்து ரோம்ஃபோர்டுக்கும் திரும்பவும் ஓடும்போதெல்லாம், சாரதிக் கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய வாய் மெல்ல அசைந்துகொண்டிருக்கும். கௌரி, நான் அண்டைக்குச் சொன்னது. அதற்கு மேலே போகாது. இல்ஃபோர்டில் இறங்குகிற சனம் தாங்க்யூ டிரைவர் என்று சொல்லிவிட்டுப் போகும். வீட்டு மேசையில் இப்போது மூடி வைத்த கோப்பை இல்லை. தவமலர் சட்டியில் வைத்துவிட்டுப் போவதைத் தானே சூடாக்கிச் சாப்பிட்டார். ஒருநாள் சாப்பிட்டுவிட்டு, தொட்டிக்குள் போடப் போன கையை நிறுத்தி, கோப்பையைக் கழுவினார். துடைத்து, கவிழ்த்து வைத்தார்.

பங்குனி மாதத்துப் பத்திரிகையைப் பாலேந்திரா ஆரணியிடம் கொடுத்துவிட்டிருந்தான். பூட்டின வீட்டைப் பற்றி அதில் நாலு வரிதான் இருந்தது. அது பிழையில்லை, இந்த உலகத்தின் விதியைப் பற்றித்தான் நான் இவ்வளவு நாளும் பிழையாக எழுதி வந்தேன், இனி இதைப் பற்றிக் கடிதம் போட வேண்டாம் என்று எழுதியிருந்தான். ஏன் என்று எழுதவில்லை.

செவ்வாய்க்கிழமைகளில் குகதாசனுக்கு இரண்டாக வெட்டின ஷிப்ட். காலையில் ஒரு துண்டு, பின்னேரம் ஒரு துண்டு, நடுவில் நாலு மணித்தியாலம் சும்மா. அந்தச் செவ்வாய் அவர் வீட்டுக்கு வந்து, யூனிஃபோர்மைக் கழற்றாமலே அடுப்பைப் பற்ற வைத்தார். வாழ்க்கையில் முதல் தரம் தனியாகச் சோறு காய்ச்சினார். அடிப்பிடித்துவிட்டது. மேலால் வழித்து எடுத்தார். பருப்பில் உப்புக் கூடிவிட்டது, பிறகு தண்ணி விட்டதில் உப்பே இல்லாமல் போய்விட்டது. ஒரு கத்தரிக்காய்க் கறியும் வைத்தார், பரவாயில்லை. நீலக்கரைக் கோப்பைகள் இரண்டும் அலுமாரியில் மேல்தட்டில் இருந்தன. அவள் கொண்டுபோகாமல் விட்டுவிட்டுப் போயிருந்தாள். ஒன்றில் போட்டு மற்றதால் மூடி, துவாயால் சுற்றிக் கட்டினார்.

இல்ஃபோர்டில் அவள் வேலையில் இருக்கிற நேரம். பக்கப் பாதையில் ஒருவரும் இல்லை. குப்பைத் தொட்டிகள், ஆரோ விட்டுவிட்டுப் போன பிள்ளையின் மூன்று சில்லுச் சைக்கிள். யன்னல் அதே ஒரு சாண் இடைவெளியோடு நின்றது. முடிச்சை அவிழ்த்து, கோப்பைகளை இரண்டு கையாலும் பிடித்து, உள்ளே யன்னல் படியில் வைத்தார். ஒரு துண்டுக் கடதாசி எழுதி வைக்கலாமோ என்று சட்டைப் பொக்கற்றில் இருந்து பேனையை எடுத்தார். தகப்பனின் யன்னலுக்கு வந்து போன அந்த ஆள் ஒன்றும் எழுதி வைக்கவில்லை. பேனையைத் திரும்பக் குத்திக்கொண்டு வந்துவிட்டார்.

அவள் டெலிபோன் எடுத்து ஒன்றும் கேட்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தவமலரோடு கதைத்தபோதும் கேட்கவில்லையாம்.

அடுத்த செவ்வாய் மழை தூறிக்கொண்டிருந்தது. குகதாசன் துவாயில் சுற்றிய வேறு கோப்பைச் சோற்றோடு பக்கப் பாதைக்குள் வந்தார். யன்னல் படியில் உட்பக்கம் இல்லை, வெளிப்பக்கம், மழை படாமல் சுவரோடு ஒட்டி, நீலக்கரைக் கோப்பைகள் இரண்டும் கழுவி, ஒன்றின் மேல் ஒன்றாகக் கவிழ்த்திருந்தன. மேலே இருந்ததைத் தூக்கினார். அடியில் இருந்த கோப்பையின் முதுகில் ஒரு துளி தண்ணி இன்னும் உலராமல் கிடந்தது. கொண்டுவந்ததை உள்ளே வைத்தார். துவாயை விரித்துக் கழுவின கோப்பைகளைச் சுற்றிக் கட்டினார். யன்னல் இன்னும் கொஞ்சம் மேலே திறந்திருந்தது. ஒரு சாண் அல்ல, ஒரு முழம். மழைத்தூறல் சோற்றில் படாமல் இருக்க, கோப்பையை ஒரு விரலளவு உள்ளே தள்ளி வைத்துவிட்டுப் போனார்.